ஏசி தண்ணீர் காருக்குள் வடிந்தால்: மலையக வாகனங்களுக்கான முழுமையான வழிகாட்டி

முன் இருக்கையில் இடதுபக்கம் உட்கார்ந்து வந்தவர் இறங்கும்போது காலுறையைத் தொட்டுப் பார்த்து, "இங்கே எப்படித் தண்ணீர் வந்தது?" என்று கேட்பார். பல வாகன உரிமையாளர்களுக்கு விஷயம் தெரியவருவதே அப்போதுதான். அதற்குள் கார்பெட்டின் அடியில் இருக்கும் பஞ்சு இரண்டு மூன்று வாரங்களாக ஊறிக்கிடந்திருக்கும்.

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் வாகன ஏசி வேலை செய்கிறேன். இந்தக் கசிவோடு என்னிடம் வரும் கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய உதிரிப்பாகம் எதுவும் தேவைப்பட்டதில்லை. அடைபட்ட ஓர் இரப்பர்க் குழாயைத் திறந்துவிட்டதும் வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தக் குழாய்க்கு வந்துசேர்வதற்குள் காஸ் நிரப்பியவர்களையும், டாஷ்போர்டைக் கழற்றியவர்களையும், கார்பெட்டை மட்டும் மாற்றிவிட்டு மறுமாதம் அதையும் நனையவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். எந்தத் தண்ணீர் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அது போகும் வழியைத் திறக்க வேண்டும். திறந்ததைச் சோதித்துவிட்டு, கடைசியில்தான் கார்பெட்டைக் காயவைக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

1. ஏற்றத்தில் கொட்டுவது ஏன்?

டாஷ்போர்டுக்குப் பின்னால், நம் நாட்டில் ஓடும் கார்களில் பெரும்பாலும் இடதுபக்கமாக, ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் கூலிங் கொயில் இருக்கிறது. ஏசி ஓடும்போது அதன் மேற்பரப்பு உறைநிலைக்குச் சில பாகை மேலே மட்டுமே இருக்கும். ஈரக்காற்று அதில் பட்டதும், ஐஸ் போட்ட கிளாசுக்கு வெளியே துளிர்ப்பதுபோல் நீர் துளிர்க்கிறது. அந்த நீர் பெட்டியின் அடித்தட்டில் சேர்ந்து, விரல் பருமனுள்ள வடிகுழாய் வழியாக வெளியேறி நிலத்தில் சொட்ட வேண்டும். குழாய் அடைபட்டால் தட்டு நிறைந்து உள்ளே வழிகிறது.

நீரின் அளவு ஊருக்கு ஊர் மாறும். 30 பாகை செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 15 பாகையில் சுமார் 13 கிராம்தான். ஆகவே அவிசாவளையில் ஓடும் ஏசி, நுவரெலியாவில் ஓடும் ஏசியைவிட மிக அதிகமான நீரைக் காற்றிலிருந்து பிழிந்தெடுக்கிறது. புழுக்கமான நாளில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லீட்டரைத் தாண்டிவிடலாம்.

கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு வரும் காரை நினைத்துப் பாருங்கள். கித்துல்கல வரை ஏசி முழு வேகத்தில் ஓடுகிறது, தட்டில் நீர் ஏறிக்கொண்டே வருகிறது. கினிகத்தேனை ஏற்றம் தொடங்கியதும் காரின் முன்பக்கம் உயர்கிறது. தட்டில் நின்ற நீர் என்ஜின் பக்கமிருக்கும் குழாய் வாயை விட்டு விலகி, காலடிப் பக்கமாக ஒதுங்குகிறது. அடுத்த வலதுபக்க வளைவில் அது இடப்புறம் அலைமோதி, ஒரே மூச்சில் கார்பெட்டில் கொட்டிவிடுகிறது. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு வருபவர்களுக்கு இதுவே றம்பொடை வளைவுகளில் நடக்கும்.

"சமதரையில் ஒன்றுமில்லை, மலை ஏறினால்தான் கசிகிறது" என்று யாராவது சொன்னால், குழாய் அரைகுறையாக அடைபட்டிருக்கிறது என்றே முதலில் சந்தேகிக்கிறேன். அநேகமாக அது சரியாகத்தான் இருக்கும்.

"நாங்கள் மேலே ஏசியே போடுவதில்லையே" என்றும் சொல்வார்கள். முன்கண்ணாடியில் படியும் ஆவியை நீக்க ஒரு பொத்தானை அழுத்துகிறீர்கள் அல்லவா? பல கார்களில் அந்தப் பொத்தானே ஏசியையும் சேர்த்து இயக்கிவிடுகிறது. காற்று சூடாக வந்தாலும் கூலிங் கொயில் ஈரத்தைப் பிழிந்துகொண்டுதான் இருக்கும்.

2. பாதி வழியில் கசிந்தால்

பனிமூட்டமான பாதையில் கார்பெட்டைக் காப்பாற்றுவதற்காக ஏசியை அணைத்துவிடாதீர்கள். அணைத்த சில நிமிடங்களில் கண்ணாடி உள்ளே வெளுத்துவிடும், எதிரே வரும் பஸ் தெரியாது. நனைந்த கார்பெட் காத்திருக்கலாம்.

இடதுபக்கக் காலடியில் ஒரு பழைய துவாயை விரித்துவிட்டு, காற்றை ஊதும் விசிறியான புளோவரின் வேகத்தைக் குறையுங்கள். வேகம் குறைந்தால் கொயிலைக் கடக்கும் காற்றும் குறையும், சேரும் நீரும் குறையும். பாதை தெளிந்த பிறகு ஏசியை அணைத்து, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம். துவாய் சாரதியின் பக்கம் நகர்ந்து பிரேக் மிதிக்கு அடியில் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. தொடங்குவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

வாகனத்தின் அடியில் புகுந்த பிறகு பொருளைத் தேடி எழுந்து போவதுதான் தொடக்கக்காரர்கள் பாதி வேலையில் சோர்ந்துபோவதற்குக் காரணம். எல்லாவற்றையும் ஒரு பேசினில் போட்டு அருகில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு டோர்ச், வெள்ளைத் துணி இரண்டு, பழைய பத்திரிகைகள் ஒரு கட்டு, 1.5 லீட்டர் தண்ணீர் போத்தல், பார்மசியில் கிடைக்கும் 50 மில்லிலீட்டர் சிரிஞ்ச், அதன் முனையில் இறுக்கமாகப் பொருந்தும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒரு சாண், கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, சக்கரங்களுக்கு வைக்க முட்டுக்கட்டைகள்.

இவற்றோடு புல் வெட்டும் மெஷினில் போடும் நைலோன் நூலில் ஒரு முழம். தோட்டப் பக்கங்களில் எந்த ஹார்ட்வெயார் கடையிலும் கிடைக்கும். 2 மில்லிமீட்டர் தடிப்பு போதும். வெட்டிய முனை கூராக இருக்கும், அதை நெருப்பில் காட்டி உருண்டையாக்கிக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு இதைவிட நல்ல கருவியை நான் கண்டதில்லை. வளைவுக்கு வளைந்து கொடுக்கும், அலுமினியத்தைக் குத்தாது.

இரும்புக் கம்பியையும் சைக்கிள் பிரேக் வயரையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். தொழில் பழகிய முதல் வருடத்தில் நான் பிரேக் வயரை உள்ளே விட்டுக் குத்தி ஒருவருடைய கூலிங் கொயிலை ஓட்டையாக்கினேன். சீறிக்கொண்டு காஸ் முழுவதும் போனது. டாஷ்போர்டை முழுவதுமாக இறக்கிக் கொயிலை மாற்ற வேண்டியதாயிற்று. அந்தச் சீறல் இன்றும் காதில் இருக்கிறது. என்னோடு வேலை பழகும் தம்பிகள் கம்பியை எடுத்தால் கையிலிருந்து வாங்கிவிடுகிறேன்.

4. முதலில், இது எந்தத் தண்ணீர்?

எல்லோரும் தாண்டிக் குதிக்கும் படி இது. காருக்குள் நனைவதற்கு மூன்று முக்கிய வழிகள் உண்டு. மூன்றும் ஒரே இடத்தில்தான், இடதுபக்கக் காலடியில்தான் வந்து சேர்கின்றன. எது என்று தெரியாமல் வடிகுழாயைக் குத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை.

வெள்ளைத் துணியை ஈரத்தில் அழுத்தி எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள், முகருங்கள், விரல்களுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள்.

நிறமில்லாமல், வழவழப்பில்லாமல், வெறும் தண்ணீராக இருந்தால் அது ஏசி நீராகவோ மழைநீராகவோ இருக்க வேண்டும்.

பச்சை, சிவப்பு, நீலம் என்று ஏதேனும் நிறம் தெரிந்தால், விரலில் வழுக்கினால், இலேசான இனிப்பு வாடை வந்தால் அது ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட். டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கொயில் கசிகிறது. கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப் பூச்சுபோல் ஆவி படிவது இதன் இன்னோர் அடையாளம். இந்த நிலையில் காரைத் தொடர்ந்து ஓட்டாதீர்கள். கூலன்ட் குறைந்த நிலையில் ஒரு நீண்ட ஏற்றம் போதும், என்ஜின் சூடேறிக் கெட்டுவிடும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவும் கூடாது. கராஜுக்கு அனுப்ப வேண்டிய வேலை இது.

வெறும் தண்ணீர் என்று தெரிந்துவிட்டால், மழையா ஏசியா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். காலடியை இயன்றவரை துடைத்துவிட்டு அதன்மேல் பத்திரிகைத் தாள்களை விரியுங்கள். மழை படாத கூரைக்கு அடியில், நன்றாகக் காற்றோட்டமுள்ள இடத்தில் காரை நிறுத்தி, ஏசியை முழுக் குளிரிலும், புளோவரை நடுத்தர வேகத்திலும், வெளிக்காற்று உள்ளே வரும்படியும் வைத்து 30 நிமிடங்கள் ஓடவிடுங்கள். தாள் நனைந்தால் ஏசி நீர்.

நனையவில்லை என்றால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். நுவரெலியாவில் குளிர்ந்த காலையில் இந்தச் சோதனையைச் செய்தால், காற்றில் ஈரமே குறைவு என்பதால் தட்டு நிறையாது. மதியத்தில் செய்யுங்கள், அல்லது அடுத்த முறை கீழே போகும்போது செய்யுங்கள்.

மழைநீர்ச் சோதனையை வேறொரு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். ஏசியைத் தொடாமல், முன்கண்ணாடியின் அடிவிளிம்பில் வைப்பருக்குக் கீழே போத்தல் தண்ணீரை மெதுவாக ஊற்ற வேண்டும். இன்னொருவர் உள்ளே குனிந்து டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு சோதனைகளையும் ஒரே நாளில் செய்துவிட்டு, நனைந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு எதனால் நனைந்தது என்று தெரியாமல் நிற்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். காரைக் கழுவிய நாளில் சோதிப்பதும் இதே தவறுதான்.

5. வைப்பருக்கு அடியில் இருக்கும் சருகுக் குழி

மழைநீர் என்று தெரிந்தவர்கள் இதைச் செய்ய வேண்டும். ஏசி நீர் என்று தெரிந்தவர்களும் செய்யுங்கள், ஏனென்றால் வடிகுழாயை அடைக்கும் குப்பையில் ஒரு பங்கு இங்கிருந்துதான் உள்ளே போகிறது.

முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் மூடிக்கு அடியில் ஒரு நீண்ட பள்ளம் இருக்கிறது. புளோவருக்குப் போகும் வெளிக்காற்று இந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் இழுக்கப்படுகிறது. இரண்டு ஓரங்களிலும் மழைநீர் வடியத் துளைகள் உண்டு. பைன் ஊசிகள், யூகலிப்டஸ் இலைகள், தேயிலை மலைகளின் நிழல் மரங்களிலிருந்து உதிரும் சருகுகள் எல்லாம் இந்தக் குழியில் விழுந்து மட்கி, துளைகளை மூடிவிடுகின்றன. நீர்மட்டம் உயர்ந்து காற்று வாயைத் தொட்டதும் புளோவர் வழியாக உள்ளே இறங்குகிறது. பார்ப்பதற்கு அப்படியே ஏசிக் கசிவுபோலவே இருக்கும்.

என்ஜின் மூடியைத் திறந்து, கையால் எட்டும் சருகுகளை அள்ளி எடுங்கள். தண்ணீர் அடித்துக் கழுவுவது முதல் வேலையாக இருக்கக் கூடாது. சருகைத் துளைக்குள் நீங்களே தள்ளி அடைத்துவிடுவீர்கள். அள்ளிய பிறகு ஓரங்களில் அரை லீட்டர் தண்ணீரை ஊற்றுங்கள். முன்சக்கரத்துக்குப் பின்னால் சில நொடிகளில் அது வெளியே வர வேண்டும்.

6. வடிகுழாயைத் தேடிப் பிடித்தல்

காரைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, நான்கு சக்கரங்களுக்கும் முட்டுக்கட்டை வையுங்கள். நமது ஊர்களில் சமதரை கிடைப்பது அரிது என்பது எனக்குத் தெரியும். கோயில் முன்றலோ விளையாட்டு மைதானமோ, எங்கேயாவது கேட்டுப் போங்கள். சரிவில் நின்ற காருக்கு அடியில் படுக்காதீர்கள். ஜாக்கை மட்டும் நம்பியும் படுக்காதீர்கள். உயர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் உறுதியான தாங்கிகள் வேண்டும், இல்லையென்றால் சேர்விஸ் ஸ்டேஷனில் உயர்த்திப் பாருங்கள்.

என்ஜினை அணைத்து ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள். புகைக்குழாய் பல கார்களில் வடிகுழாய்க்குப் பக்கத்திலேயே போகிறது. ஹைபிரிட் கார் என்றால் மின்னிணைப்பை முழுவதும் அணைத்து, சாவியைக் காரிலிருந்து தூரமாக வையுங்கள்; அணைத்ததுபோல் தெரியும் என்ஜின் தானாக ஓடத் தொடங்கலாம். செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடவே கூடாது, அவற்றில் உயர் மின்னழுத்தம் போகிறது.

என்ஜினுக்கும் உள்ளறைக்கும் இடையே இருக்கும் தகட்டில், இடதுபக்கமாகவோ நடுவிலோ, கீழ்நோக்கி வளைந்த கறுப்பு இரப்பர்க் குழாயின் முனை ஒன்று தெரியும். பெரும்பாலும் சுண்டுவிரல் அளவு நீளம்தான். சில கார்களில் தரைத் தகட்டின் வழியாக நேரே கீழே இறங்கியிருக்கும். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், அதே மாதிரிக் கார் வைத்திருக்கும் ஒருவரிடம் ஏசியைப் போட்டு நிறுத்தச் சொல்லி, எந்த இடத்தில் சொட்டுகிறது என்று பாருங்கள்.

கண்டதும் கையை விடாதீர்கள், முதலில் பாருங்கள். குழாய் கழன்று விழுந்திருக்கிறதா? அப்படியானால் நீர் தகட்டின் வழியே பின்னோக்கி வழிந்து கார்பெட்டின் விளிம்பைத் தொடும். நசுங்கியோ மடங்கியோ இருக்கிறதா? தோட்டப் பாதையின் செம்மண் வாயில் அப்பியிருக்கிறதா? துருப்பிடிக்காமல் இருக்க அடித்தகட்டுக்குப் பூசிய கறுப்புப் பூச்சு குழாய் வாயையும் சேர்த்து மூடியிருக்கிறதா? சில நாட்கள் ஓடாமல் நின்ற கார் என்றால், குளவி கட்டிய மண்கூடு உள்ளே இருக்கலாம். இவை எல்லாமே எனக்கு வந்தவை.

7. அடைப்பை எடுத்தல்

பேசினைக் கீழே வைத்துவிட்டு, முகம் குழாய்க்கு நேர்கீழே வராமல் பக்கவாட்டில் ஒதுங்கிப் படுங்கள். கண்ணாடியும் கையுறையும் போட்டிருக்க வேண்டும். வாரக்கணக்கில் தேங்கிய அழுக்குநீர் எப்போது பாயும் என்று சொல்ல முடியாது.

முதலில் இரப்பர் முனையை விரல்களால் பிசையுங்கள். வாயில் மட்டும் மண் அடைத்திருந்தால் இதிலேயே உதிர்ந்துவிடும்.

அடுத்து சிரிஞ்ச். குழாயைப் பொருத்தி, வெளியே இழுங்கள். உள்ளே தள்ளக் கூடாது. தள்ளினால் அடைப்பு தட்டுக்கே திரும்பிப் போய், நாளைக்கு மறுபடி வந்து உட்காரும். ஐந்தாறு முறை இழுத்தால் பெரும்பாலான அடைப்புகள் அசைந்துவிடும்.

அசையவில்லை என்றால் நைலோன் நூலை விடுங்கள். நூலை இரண்டு விரல்களுக்கிடையில் உருட்டியபடி, மெதுவாக, ஐந்து சென்டிமீட்டர், பிறகு இன்னும் ஐந்து. மென்மையான எதிர்ப்பு என்றால் அது சகதி, உருட்டிக்கொண்டே போகலாம். முட்டி நின்றால் அது பெட்டியின் சுவராகவோ கொயிலாகவோ இருக்கும்; அங்கே நிறுத்துங்கள். 15 சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டிய தேவை எனக்கு வந்ததில்லை.

அடைப்பு விடும் கணம் தெரியும். முதலில் ஒரு களக்கென்ற சத்தம். பிறகு தேநீர்ச் சாயம்போல் பழுப்பு நீர், அதன் பின்னால் கஞ்சிபோல் கொழகொழவென்று பூஞ்சைப் படலம், அதில் ஒட்டிய இலை நரம்புகளும் பஞ்சு இழைகளும். ஒரு லீட்டருக்கும் மேலாகக் கொட்டிய கார்களைப் பார்த்திருக்கிறேன். கையை எடுத்துவிடுங்கள்; நீர் தெளிவாகி, சொட்டுகளாகக் குறையும்வரை தானாக வடியட்டும்.

வடிந்து முடிந்ததும் சிரிஞ்சில் இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்து, 50 மில்லிலீட்டரை மட்டும் மெதுவாக உள்ளே ஏற்றி, திரும்ப வடியவிடுங்கள். வழி திறந்துவிட்டதால் இப்போது ஏற்றுவதில் தவறில்லை. மூன்று நான்கு முறை செய்தால் குழாயின் சுவரில் ஒட்டிய படலமும் கழுவிப்போகும்.

இந்தப் படியில் நடக்கும் தவறுகளில் பெரியது, டயர் கடையின் காற்றுக் குழாயை நேரே வைத்து அடிப்பது. அவ்வளவு அழுத்தம் தட்டில் உள்ள நீரை மேலே தூக்கி, புளோவர் மோட்டாரிலும் கார்பெட்டிலும் அடித்துவிடும். உள்ளே குழாய் பொருந்தும் இடமும் கழன்றுவிடலாம், பிறகு டாஷ்போர்டைக் கழற்றாமல் அதை மாட்ட முடியாது. வாயை வைத்து ஊதுவதையும் விட்டுவிடுங்கள். உள்ளே இருப்பது பூஞ்சை. குளியலறை கழுவும் அசிட், குளோரின் போன்றவற்றை ஏற்றினால் கொயிலின் அலுமினியத்தை அது தின்றுவிடும். அதன் ஆவியை உள்ளே உட்காருபவர்கள் சுவாசிக்கவும் வேண்டியிருக்கும்.

8. வழி திறந்துவிட்டதா என்று சோதித்தல்

சமதரையில், ஏசியை முன்போலவே 20 நிமிடங்கள் ஓடவிட்டு அடியில் பாருங்கள். சொட்டுகள் ஒரே சீராக விழ வேண்டும். நின்று நின்று, பின் ஒரே பாய்ச்சலாக வந்தால் உள்ளே இன்னும் ஏதோ தடை இருக்கிறது, 7ஆம் படிக்குத் திரும்புங்கள்.

பலர் இதோடு எழுந்துவிடுகிறார்கள். நமக்கு இது போதாது. காலடியில் புதிய பத்திரிகைத் தாளை விரித்துக்கொண்டு, ஏசியோடு ஒரு நல்ல ஏற்றத்தில் வளைவுகள் உள்ள பாதையில் அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். தாள் காய்ந்திருந்தால்தான் வேலை முடிந்தது. கார்பெட் ஏற்கெனவே ஊறியிருப்பதால், தாளுக்கு அடியில் ஒரு பொலித்தீனை விரிக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பழைய ஈரம் தாளில் ஏறி, இன்னும் கசிகிறது என்று உங்களை ஏமாற்றிவிடும்.

9. அப்போதும் நனைந்தால்

ஏசி ஃபில்டரைப் பாருங்கள். பெரும்பாலான ஜப்பானியக் கார்களில் டாஷ்போர்டு பெட்டியைக் கழற்றினால் பின்னால் இருக்கும். அது அழுக்கால் அடைபட்டிருந்தால் கொயிலுக்குக் காற்று போதாமல் அதன்மேல் பனிக்கட்டி பிடிக்கிறது. நிறுத்தியதும் அது மொத்தமாக உருகி, தட்டை மீறி வழிகிறது. நீண்ட ஓட்டத்தில் காற்று மெல்ல மெல்லக் குறைந்து, சற்று நிறுத்திவிட்டு மறுபடி போட்டால் சரியாக வருகிறது என்றால் பனி பிடிக்கிறது என்று பொருள். புதிய ஃபில்டரில் உள்ள அம்புக்குறியைப் பழையது இருந்த திசையிலேயே வைத்து மாட்டுங்கள். காஸ் குறைந்தாலும் இப்படிப் பனி பிடிக்கலாம். காஸ் என்பது குறைந்தால் ஊற்றும் எண்ணெய் அல்ல. குறைகிறது என்றால் எங்கோ வெளியேறுகிறது. அளவுமானி வைத்து அழுத்தம் பார்த்து, கசியும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் காஸ் மட்டும் நிரப்பித் தருகிறேன் என்று சொல்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

கொயில் பெட்டியில் வெடிப்பு, தகட்டுக்கும் பெட்டிக்கும் இடையிலான பஞ்சு வளையம் உக்கிப்போதல், குளிர்ந்த குழாயின் மேலுறை கிழிந்து வியர்த்தல் ஆகியவையும் காரணமாகலாம். இவற்றுக்கு டாஷ்போர்டைத் தொட வேண்டியிருக்கும். கராஜில் கொடுக்கும்போது, "வடிகுழாய் திறந்திருக்கிறது, சொட்டுகிறது, கூலன்ட் இல்லை, மழைநீர் இல்லை" என்று நீங்கள் சோதித்ததை வரிசையாகச் சொல்லுங்கள். அவர்கள் ஆரம்பத்திலிருந்து தேட வேண்டியிருக்காது, உங்கள் பில்லும் குறையும்.

10. கார்பெட்டைக் காயவைத்தல்

மலையகத்தில் வேலையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. மற்ற வேலைகள் சீக்கிரம் முடியும், இது காய நாட்கள் வேண்டும். மேலே தடவிப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கார்பெட்டுக்கு அடியில் தடித்த பஞ்சு இருக்கிறது, அது லீட்டர் கணக்கில் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அந்தப் பஞ்சுக்குக் கீழே தகடும், பல கார்களில் வயர்க் கட்டுகளும் இருக்கின்றன. துர்நாற்றத்தோடு முடிந்தால் பரவாயில்லை. வயர் இணைப்புகளில் பச்சைத் துரு ஏறினால் எந்த விளக்கு எப்போது எரியும் என்று தெரியாத நிலை வரும்.

கதவருகே உள்ள பிளாஸ்டிக் படியை மேல்நோக்கி இழுத்தால் கிளிப்புகள் விடும். அதற்கு முன்னால் கால்பக்கம் இருக்கும் சிறிய மூடியையும் எடுத்தால், கார்பெட்டின் விளிம்பைத் தூக்கலாம். இருக்கையைக் கழற்ற முயல வேண்டாம். அதன் அடியில் உள்ள மஞ்சள் நிற இணைப்புகள் ஏர்பேக்குடையவை, தெரியாமல் தொடக் கூடாதவை. சுஸுகி வேகன் ஆர் ஹைபிரிட் போன்ற கார்களில் முன் பயணி இருக்கைக்கு அடியிலேயே லித்தியம் பேட்டரி இருக்கிறது. அந்த இடம்வரை நீர் போயிருந்தால் நீங்கள் கை வைக்காமல் ஹைபிரிட் வேலை பழகியவரிடம் காட்டுங்கள்.

தூக்கிய விளிம்புக்கு அடியில் ஒரு வெறும் போத்தலை முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். பழைய துவாயை மடித்துப் பஞ்சின்மேல் வைத்து, முழு உடல் பாரத்தையும் முழங்காலில் கொடுத்து அழுத்துங்கள். துவாயைப் பிழியுங்கள், மறுபடி அழுத்துங்கள். ஒரு நனைந்த காரில் பேசின் பாதி நிறையும். நீரை உறிஞ்சும் வெக்கியூம் மெஷின் உள்ள சேர்விஸ் ஸ்டேஷன் அருகில் இருந்தால் அந்த வேலையை அவர்களிடம் விடுவது நல்லது. பிழிந்து எடுக்க முடியாத நிலைக்கு வந்த பிறகு, பஞ்சுக்கு அடியிலும் மேலேயும் பத்திரிகைகளைச் செருகி, காலையும் மாலையும் மாற்றுங்கள்.

மீதி ஈரத்தைக் காரே எடுத்துவிடும். வடிகுழாய் திறந்துவிட்டது அல்லவா? ஏசியைப் போட்டு, வெப்பத்தை உச்சத்தில் வைத்து, காற்றைக் காலடிப் பக்கம் திருப்பி, உள்காற்றையே சுற்றவிடுங்கள். சூடான காற்று பஞ்சின் ஈரத்தை எடுக்கும், கூலிங் கொயில் அதைப் பிழிந்து வெளியே சொட்டவிடும். இதை ஓடும் காரில் செய்யலாம், கண்ணாடியில் ஆவி படிந்தால் உடனே வெளிக்காற்றுக்கு மாற்ற வேண்டும். நிறுத்திவைத்துச் செய்வதானால் திறந்த வெளியில் மட்டுமே செய்யுங்கள். பூட்டிய கராஜுக்குள் என்ஜினை ஓடவிடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குளிரூர்களில் அடுப்புக்கரிச் சட்டியைக் காருக்குள் வைத்துக் காயவைக்கலாமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மொனொக்சைட் உள்ளே நிறையும். கதவைத் திறந்து தலையை நீட்டிப் பார்ப்பவருக்கே ஆபத்து, தீப்பிடிக்கும் பயம் வேறு.

ஜூன், ஜூலையில் ஹட்டன், வட்டவளைப் பக்கம் மழை விடாமல் பெய்யும்போது, மலையின் மறுபக்கம் பண்டாரவளையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அங்கே உறவினர் யாரும் இருந்தால் காரை ஒரு பகல் கதவுகளைத் திறந்து நிறுத்திவிட்டு வாருங்கள். இங்கே மூன்று நாள் எடுப்பது அங்கே ஒரு பகலில் ஆகிறது.

காய்ந்ததை உறுதிசெய்ய, பஞ்சின்மேல் இரண்டு தாளைப் போட்டு ஒரு நிமிடம் ஏறி நில்லுங்கள். தாள் மொறமொறப்பாகவே வந்தால் மூடலாம். இலேசாகக் குளிர்ந்து நெகிழ்ந்திருந்தாலும் இன்னொரு நாள் பொறுங்கள்.

11. மறுபடி அடைபடாமல் இருக்க

வருடத்துக்கு இரண்டு முறை, மேற்குச் சரிவுக்கு ஏப்ரல் கடைசியிலும், பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கத்துக்குச் செப்டெம்பர் கடைசியிலும், மழை தொடங்கும் முன் சருகுக் குழியையும் குழாய் வாயையும் பாருங்கள். பத்து நிமிட வேலைதான். ஃபில்டரையும் அதே நாளில் எடுத்துத் தட்டிப் பாருங்கள்.

வீடு போய்ச் சேர்வதற்கு ஐந்து நிமிடம் முன்பாக, கண்ணாடி தெளிவாக இருந்தால், ஏசியை மட்டும் அணைத்துவிட்டுப் புளோவரை ஓடவிடுங்கள். கொயில் காய்ந்துவிடும், பூஞ்சை குறையும், புளித்த வாடையும் வராது.

சரிவில் நிறுத்த வேண்டியிருந்தால், முன்பக்கம் கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்துங்கள். குழாய் முன்பக்கத் தகட்டில் உள்ள கார்களில் தட்டு முழுவதும் வடிந்துவிடும். சக்கரத்துக்குக் கல் வையுங்கள், காலையில் கிளம்பும்போது அதை எடுத்துப் பாதை ஓரமாகப் போடுங்கள். அடுத்த முறை கித்துல்கலவில் தேநீருக்கு நிறுத்தும்போது, ஏசியை ஓடவிட்டபடியே இறங்கி, காரின் முன்பகுதிக்கு அடியில் குனிந்து பாருங்கள். அங்கே ஒரு சிறிய ஈரத்திட்டு இருக்க வேண்டும்.